மெயில் வருகிறது, அனுப்பினால் போகவில்லை: ஃபார்மட் செய்யத்தான் வேண்டுமா?

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்:

"வீட்டில் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் ஜிமெயில் பார்க்கிறேன். பழைய மாணவர் சங்கக் கடிதங்கள் எல்லாம் அதில்தான். போன மாதம் 'உங்கள் கணக்கில் யாரோ நுழைய முயன்றார்கள்' என்று மெயில் வந்தது. பயந்துபோய் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு தண்டர்பேர்டைத் திறந்தபோது கூகுள் பக்கம் ஒன்று வந்து புதுப் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தேன். மெயில்கள் வர ஆரம்பித்துவிட்டன. ஆனால் அன்றிலிருந்து ஒரு மெயிலும் வெளியே போகவில்லை. சின்னதாக ஒரு பெட்டி வந்து பாஸ்வேர்டு கேட்கிறது. கவனமாகத் தட்டினாலும் ஏற்பதில்லை. 535 என்று ஓர் எண் கண்ணில் பட்டது, மற்றதைப் படிப்பதற்குள் மூடிவிட்டேன். போனிலிருந்து அனுப்பினால் போகிறது. இன்டர்நெட் கம்பெனி போர்ட் 25ஐ அடைத்திருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுத் தம்பி. ஃபார்மட் பண்ணணும் என்கிறார் கடைக்காரர். 2009லிருந்து பிள்ளைகள் எழுதிய மெயில்கள் அதில் இருக்கின்றன. கொடுக்கலாமா? இதற்கு முன்பே ஒருமுறை, ஆண்டுவிழாப் படங்களை இணைத்த மெயில் மட்டும் சங்கத் தலைவருக்குப் போகாமல் திரும்பி வந்தது. அதுவும் இதே கோளாறுதானா?"

அன்புள்ள அம்மா,

கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொடுக்க வேண்டாம். உங்கள் விண்டோஸில் கோளாறு எதுவும் இல்லை. தண்டர்பேர்டின் ஒரே ஓர் அமைப்பை மாற்ற வேண்டும், ஒரு பழைய பாஸ்வேர்டை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். இதை நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் உங்கள் கடிதமே. பலர் "மெயில் போகவில்லை, என்ன செய்ய?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் எதற்குப் பிறகு எது நடந்தது என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள், அந்த 535ஐயும் நினைவில் வைத்திருக்கிறீர்கள். வேண்டியது எல்லாம் அதிலேயே இருக்கிறது.

முதலில் அந்த எண். மெயில் அனுப்பும்போது வரும் இந்த மூன்று இலக்க எண்களை உங்கள் கம்ப்யூட்டர் தானாக உண்டாக்குவதில்லை. மறுமுனையில் இருக்கும் சர்வர், அதாவது மெயிலை வாங்கி அனுப்பிவைக்கும் கம்ப்யூட்டர், அனுப்பும் பதில் அது. 4ல் தொடங்கினால் "இப்போது முடியாது, கொஞ்ச நேரம் கழித்து வா" என்று பொருள். 5ல் தொடங்கினால் "இப்படியே திரும்பத் திரும்ப முயன்றாலும் பயனில்லை, எதையாவது மாற்றிக்கொண்டு வா". 535 என்றால் "நீ யார் என்று காட்டிய சான்றை நான் ஏற்கவில்லை". ஆக உங்கள் கம்ப்யூட்டர் கூகுளின் சர்வர் வரை போயிருக்கிறது, பேசியிருக்கிறது, பதிலும் வாங்கியிருக்கிறது. இன்டர்நெட் கம்பெனி வழியை அடைத்திருந்தால் இந்த எண் வந்திருக்கவே முடியாது. வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு "இணைக்க முடியவில்லை" என்றோ "நேரம் முடிந்துவிட்டது" என்றோதான் வந்திருக்கும். பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

அவர் சொன்னதில் உண்மையே இல்லை என்றும் சொல்ல முடியாது. போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும், எண் போட்ட வாசல் மாதிரி. மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபியை ஜான் போஸ்டல் 1982ல் எழுதினார். அதில் பாஸ்வேர்டு என்ற பேச்சே இல்லை. ஒருவருக்கொருவர் தெரிந்த பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் மட்டும் இருந்த காலம் அது. யார் கொண்டுவந்து கொடுத்தாலும் சர்வர் வாங்கிக்கொண்டு அனுப்பிவைக்கும். பின்னால் குப்பை மெயில் பெருகியபோது அந்த நம்பிக்கைதான் பெரிய ஓட்டையானது. அதனால் 1998ல் பயனாளிகள் மெயிலைக் கொடுப்பதற்கென்றே 587 என்ற தனி போர்ட்டை வகுத்தார்கள். அடுத்த வருடம், அனுப்புகிறவர் தன்னை நிரூபித்துக்காட்டும் முறையும் வந்தது. 25 என்பது சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் போர்ட்டாக நின்றுவிட்டது, வீட்டு இணைப்புகளில் அதைப் பல கம்பெனிகள் அடைத்துத்தான் வைத்திருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர்களில் இன்னும் 25 என்று போட்டிருப்பவர்களுக்குத் தம்பியின் யோசனை மிகச் சரியான யோசனை.

மெயில் வருவதும் போவதும் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதைப் புரிந்துகொண்டால் உங்கள் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். ஜிமெயில் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும், தண்டர்பேர்டு மெயிலை எடுப்பது ஒரு சர்வரிலிருந்து, கொடுப்பது வேறொரு சர்வரிடம். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி போர்ட், தனித்தனிப் பாஸ்வேர்டு. ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேராது. "மெயில்தான் வருகிறதே, அப்படியானால் பாஸ்வேர்டு சரிதானே?" என்று நினைப்பது இயல்பு. ஆனால் வருகிற பக்கம் சரியாக இருக்கிறது என்பதை மட்டும்தான் அது காட்டும்.

போனிலிருந்து போகிறதே என்று கேட்பீர்கள். போனில் இருக்கும் ஜிமெயில் செயலி கூகுளின் சொந்தச் செயலி. அது இந்த எஸ்எம்டிபி அமைப்புகள் எதையும் பயன்படுத்துவதில்லை. போனிலிருந்து போகிறது என்பதால் உங்கள் கணக்கு முடக்கப்படவில்லை, இடம் நிரம்பிவிடவில்லை என்று தெரிகிறது. அதுவும் நல்ல செய்திதான்.

சரி, என்ன நடந்திருக்கும்? தண்டர்பேர்டு போன்ற வெளிச் செயலிகளில் கணக்கின் பாஸ்வேர்டை நேரடியாகத் தட்டி நுழைவதை, தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதன்பிறகு இரண்டே வழி. ஒன்று, கூகுளின் பக்கமே திறந்து, அங்கே நீங்கள் நுழைந்து "அனுமதி" என்று அழுத்துவது. தண்டர்பேர்டில் இதற்குப் பெயர் ஓஆத்2. இன்னொன்று, கூகுள் தரும் 16 எழுத்துகள் கொண்ட தனிப் பாஸ்வேர்டு. ஆப் பாஸ்வேர்டு என்பார்கள். உங்கள் கம்ப்யூட்டரை யாரோ அமைத்துக் கொடுத்தபோது, மெயில் வரும் பக்கத்துக்கு ஓஆத்2ஐயும் போகும் பக்கத்துக்கு ஆப் பாஸ்வேர்டையும் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒரு பக்கம் மாறி மறுபக்கம் பழையபடியே கிடப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

நீங்கள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியதும் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் கூகுள் ரத்து செய்துவிட்டது. பாதுகாப்புக்காக அது எப்போதும் செய்வதுதான். வரும் பக்கம் கூகுள் பக்கத்தைத் திறந்து கேட்டது, நீங்கள் கொடுத்தீர்கள், அது பிழைத்துக்கொண்டது. போகும் பக்கமோ ரத்தான பழைய 16 எழுத்துகளையே கையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. அது காட்டும் சின்னப் பெட்டியில் நீங்கள் கணக்கின் புதுப் பாஸ்வேர்டைத் தட்டுகிறீர்கள். எழுத்துக்கு எழுத்து சரியாகத் தட்டினாலும் அங்கே அது செல்லாது. தவறு உங்கள் விரலில் இல்லை அம்மா.

சரிசெய்வதற்கு முன்னால், அந்த 2009 மெயில்களுக்கு ஒரு நகல் எடுத்துவிடுவோம். இந்த வேலையால் அவற்றுக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் இவ்வளவு மதிப்புள்ளது ஒரே கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பது எனக்கு மனம் ஒப்பவில்லை. தண்டர்பேர்டில் "ஹெல்ப்" மெனுவுக்குள் "ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்" என்று இருக்கும். அதைத் திறந்தால் "புரொஃபைல் ஃபோல்டர்" என்ற வரியும் பக்கத்தில் "ஓப்பன் ஃபோல்டர்" பொத்தானும் தெரியும். பொத்தானை அழுத்தினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடிவிடுங்கள். மூடாமல் நகலெடுத்தால் சில கோப்புகள் அரைகுறையாகப் போகும். பிறகு அந்த ஃபோல்டரை முழுவதுமாக ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள். உங்கள் மெயில்கள், முகவரிகள், அமைப்புகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் "லோக்கல் ஃபோல்டர்ஸ்" என்பதன் கீழே இருப்பவை உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே உள்ளவை. கூகுளில் அவற்றுக்கு நகல் கிடையாது. பழைய கடிதங்கள் அங்கே இருந்து, கடைக்காரர் இந்த ஃபோல்டரை எடுத்துவைக்காமல் ஃபார்மட் செய்திருந்தால் அவை திரும்பி வரவே வராது. அதனால்தான் முதல் வரியிலேயே வேண்டாம் என்றேன். பென் டிரைவிலும் பாஸ்வேர்டுகள் இருப்பதால் அதைப் பத்திரமாக வையுங்கள், இரவல் கொடுக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். தண்டர்பேர்டைத் திறந்து, மேலே மூன்று கோடுகள் போட்ட பொத்தானை அழுத்தி "அக்கவுன்ட் செட்டிங்ஸ்" போங்கள். இடப்பக்கப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே "அவுட்கோயிங் சர்வர் (எஸ்எம்டிபி)" என்று இருக்கும். போகும் பக்கத்தை இப்படி அடியில் தனியாக வைத்திருப்பதால்தான் பலர் கண்ணில் அது படுவதே இல்லை. அதைச் சொடுக்கினால் வலப்பக்கம் சர்வர்களின் பெயர்கள் வரும். ஜிமெயிலுக்கு உரியதைத் தேர்ந்து "எடிட்" அழுத்துங்கள். அதில் "அதென்டிகேஷன் மெத்தட்" என்ற இடத்தில் "நார்மல் பாஸ்வேர்டு" என்று இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அதை "ஓஆத்2" என்று மாற்றுங்கள். "யூசர் நேம்" இடத்தில் உங்கள் முழு ஜிமெயில் முகவரி இருக்க வேண்டும், முன்பாதி மட்டும் போதாது. அங்கேயே போர்ட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். 465 என்றால் அதன் கீழே "எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்" இருக்க வேண்டும், 587 என்றால் "ஸ்டார்ட் டிஎல்எஸ்". இரண்டு ஜோடியில் எது இருந்தாலும் ஜிமெயிலில் வேலை செய்யும். ஜோடி மாறியிருந்தால்தான் பிரச்சினை. உங்களுக்கு 535 வந்திருப்பதால் ஜோடி சரியாகத்தான் இருக்கும், கை வைக்க வேண்டாம். "ஓகே" கொடுத்து வெளியே வாருங்கள்.

அடுத்து பழைய பாஸ்வேர்டை அழிக்க வேண்டும். அதே மூன்று கோட்டுப் பொத்தானில் "செட்டிங்ஸ்", அதற்குள் "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதற்குள் "சேவ்ட் பாஸ்வேர்ட்ஸ்". ஒரு பட்டியல் வரும். எஸ்எம்டிபி என்ற எழுத்துகளோடு தொடங்கும் ஜிமெயில் வரி எதுவோ அதை மட்டும் தேர்ந்து நீக்குங்கள். ஓஆத் என்று தொடங்கும் வரியைத் தொட வேண்டாம், வரும் பக்கம் அதை நம்பித்தான் ஓடுகிறது. அந்தப் பக்கத்திலேயே இணையதளங்களின் குக்கிகளை ஏற்பதற்கான ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருக்கட்டும். இல்லையென்றால் கூகுள் பக்கம் பாதியிலேயே நின்றுவிடும்.

தண்டர்பேர்டை மூடித் திறந்து, உங்களுக்கு நீங்களே ஒரு மெயில் எழுதி அனுப்புங்கள். படம், கோப்பு எதையும் இணைக்க வேண்டாம், "சோதனை" என்று ஒரு சொல் போதும். சின்னப் பெட்டிக்குப் பதிலாக, முன்பு மெயில் வரும் பக்கத்துக்கு வந்தது போலக் கூகுள் பக்கமே வரலாம். அங்கே புதுப் பாஸ்வேர்டைக் கொடுத்து அனுமதியுங்கள். எதுவும் கேட்காமல் நேராகப் போய்விட்டாலும் கவலைப்பட வேண்டாம், ஏற்கெனவே கொடுத்த அனுமதியை அது பயன்படுத்திக்கொண்டது.

அதன்பிறகும் அதே சின்னப் பெட்டி வந்தால், நாம் திருத்திய சர்வரை உங்கள் கணக்கு பயன்படுத்தவில்லை என்று பொருள். வெகுகாலமாக உபயோகத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களில் பழைய இணைய இணைப்பின் சர்வர் ஒன்றோ, ஜிமெயிலுக்கே இரண்டு பதிவுகளோ தங்கியிருப்பது உண்டு. "அக்கவுன்ட் செட்டிங்ஸ்" பட்டியலில் உங்கள் முகவரியைச் சொடுக்கி, வலப்பக்கம் கீழே போனால் எந்த எஸ்எம்டிபி சர்வர் என்று தேர்ந்தெடுக்கும் இடம் இருக்கும். நாம் திருத்தியதை அங்கே தேர்ந்தெடுங்கள்.

சோதனை மெயில் வந்து சேர்ந்ததும், நின்றுபோன கடிதங்களை அவசரப்பட்டு எல்லாம் ஒரே மூச்சில் அனுப்பிவிடாதீர்கள். "அவுட்பாக்ஸ்", "டிராஃப்ட்ஸ்" இரண்டையும் திறந்து பாருங்கள். ஒரே கடிதம் பலமுறை கிடக்கலாம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிட்டு அனுப்புங்கள். சில சமயம் "மெயில் போய்விட்டது, ஆனால் நகலை சென்ட் ஃபோல்டரில் வைக்க முடியவில்லை" என்று தண்டர்பேர்டு சொல்லும். அதை அனுப்பத் தவறியதாக எடுத்துக்கொண்டு பலர் மறுபடி மறுபடி அனுப்புகிறார்கள். எதிர்முனையில் ஒரே அழைப்பிதழ் நாலைந்து தடவை போய் விழுகிறது. செய்தியைக் கடைசி வரி வரை படித்துவிட்டு மூடுங்கள் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்வது இதனால்தான்.

ஆண்டுவிழாப் படங்கள் வேறு விஷயம். ஜிமெயிலில் ஒரு மெயிலோடு இணைக்கக்கூடியது 25 எம்பி வரைதான். மெயில் என்பது அடிப்படையில் எழுத்துகளைச் சுமக்க உருவானது. படத்தை அதில் ஏற்ற வேண்டுமென்றால் அதையும் எழுத்துகளாக மாற்றியாக வேண்டும். மூன்று பைட் நான்கு எழுத்துகளாக மாறுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடுகிறது. கம்ப்யூட்டரில் 18 எம்பி என்று காட்டும் படங்கள் வழியில் 24 எம்பி ஆகிவிடும். ஜிமெயில் ஏற்றுக்கொண்டாலும், சங்கத் தலைவரின் மெயில் சேவையில் வரம்பு குறைவாக இருந்தால் அங்கிருந்து திரும்பிவிடும். திரும்பி வந்த அந்த மெயிலில், அளவு மீறிவிட்டது என்பதைக் காட்டும் 552 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். பத்துப் பதினைந்து படங்களைக் கூகுள் போட்டோஸில் ஓர் ஆல்பமாகப் போட்டு, அதன் லிங்கை மட்டும் மெயிலில் அனுப்புங்கள். பிள்ளைகளும் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். சங்கத்துச் சுற்றறிக்கைகளை எல்லோருக்கும் அனுப்பும்போது இன்னொரு வரம்பும் உண்டு. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு மெயிலில் 500 பேருக்கு மேல் போட்டாலோ, ஒரு நாளில் 500 மெயில்களைத் தாண்டினாலோ கூகுள் தற்காலிகமாக அனுப்புவதை நிறுத்திவைக்கும். அப்போது எதையும் மாற்ற வேண்டாம், ஒரு நாள் பொறுத்தால் தானாகத் திறந்துவிடும்.

"மெயில் டெலிவரி சப்சிஸ்டம்" என்ற பெயரிலிருந்து பதில் வந்தால், உங்கள் வீட்டைத் தாண்டி மெயில் வெளியே போய்விட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே 550 என்று இருந்தால் பெரும்பாலும் எதிர்முனை முகவரியில்தான் பிழை. உங்கள் அமைப்புகளில் எதையும் தொட வேண்டாம்.

என்னை உண்மையில் கவலைப்படுத்துவது உங்கள் கடிதத்தின் தொடக்கம். "யாரோ நுழைய முயன்றார்கள்" என்று வந்த மெயிலில் இருந்த இணைப்பை அழுத்தி பாஸ்வேர்டை மாற்றினீர்களா, நீங்களாகக் கூகுள் பக்கத்துக்குப் போய் மாற்றினீர்களா? இரண்டாவது என்றால் நிம்மதி. முதலாவது என்றால், புதுப் பாஸ்வேர்டு போனிலும் தண்டர்பேர்டிலும் வேலை செய்வதால் மாற்றம் கூகுளில்தான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. இருந்தாலும் இன்னொரு முறை மாற்றிவிடுங்கள். மெயிலில் வந்த எந்த இணைப்பையும் தொடாமல், பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து, வலப்பக்க மூலையில் உங்கள் படத்தை அழுத்தி "கூகுள் அக்கவுன்ட்" வழியாகப் போங்கள். அங்கே "செக்யூரிட்டி" பகுதியில் "யுவர் டிவைசஸ்" என்று இருக்கும். உங்களுடையது அல்லாத கருவி ஏதும் தெரிந்தால் வெளியேற்றிவிடுங்கள். அப்புறம் ஜிமெயிலின் செட்டிங்ஸில் "ஃபார்வர்டிங்" பகுதியில் உங்களுக்குத் தெரியாத முகவரி எதுவும் இல்லையே என்று பாருங்கள். கணக்குக்குள் புகுந்தவர்கள் வருகிற மெயில்கள் தங்களுக்கும் வரும்படி அங்கே ஒரு முகவரியைப் போட்டுவிட்டுப் போவது உண்டு. பாஸ்வேர்டை மாற்றினாலும் அது தானாக நீங்காது. ஓஆத்2க்கு மாறிவிட்டதால் இந்த முறை பாஸ்வேர்டு மாறினாலும் சின்னப் பெட்டி வராது, கூகுள் பக்கம்தான் வரும்.

இந்த வேலை நடுவில் தடைபட்டால், இணையத்தில் தேடி "ஜிமெயில் கஸ்டமர் கேர்" என்று கிடைக்கும் போன் எண்களை அழைக்காதீர்கள். அப்படிப் பேசுகிறவர்கள் உங்கள் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கும் செயலி ஒன்றை இறக்கச் சொல்வார்கள், அப்புறம் ஓடிபி கேட்பார்கள். யாரிடமாவது பணத்தை இழந்துவிட்டால், நம் நாட்டில் அதற்கான உதவி எண் 1930. சீக்கிரம் அழைத்தால் பணத்தைத் தடுத்துநிறுத்த வாய்ப்பு அதிகம்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டன. கடைக்காரர் அதை மனத்தில் வைத்து விண்டோஸை மாற்றச் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மெயில் போகாததற்கும் அதற்கும் தொடர்பில்லை. மாற்றுவதாக முடிவுசெய்தால், அந்தப் பென் டிரைவ் நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, கோப்புகள் இருக்கின்றன என்று கண்ணால் பார்த்த பிறகே கடைக்கு அனுப்புங்கள்.

நான் சொன்னபடி செய்தும் போகவில்லை என்றால் எழுதுங்கள். பிழைச் செய்தி திரையில் இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். அதோடு "அவுட்கோயிங் சர்வர்" பக்கத்தின் படமும் இருந்தால் நல்லது, அதில் பாஸ்வேர்டு தெரியாது. ஒருமுறை போனின் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டரை இணைத்து அனுப்பிப் பார்த்து, என்ன ஆனது என்பதையும் குறிப்பிடுங்கள். பாஸ்வேர்டை மட்டும் எனக்கும் எழுத வேண்டாம்.